நண்பனோடு ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ முழுதாகக் கேட்டோம், காரிலேயே சண்டை: விவரம் தெரிந்தவர்கள் வாருங்கள்

இர்விங்வாசி:

வணக்கம். இந்தக் குழுவில் கன்ட்ரி இசை (அமெரிக்கத் தெற்குப் பக்கத்துக் கிராமத்துப் பாட்டு) பற்றி யாரும் பேசிப் பார்த்ததில்லை, ஆனாலும் கேட்டுவிடுகிறேன். டல்லஸ் பக்கம் வந்து சில வருடங்களாகியும் நான் அந்தப் பாட்டுகள் பக்கம் போனதே இல்லை. வானொலியில் வருவதெல்லாம் பிக்கப் டிரக், பீர், வெள்ளிக்கிழமை ராத்திரி என்றே இருந்ததால் நமக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டேன். அலுவலகத்தில் லபக் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார், சீக்கிரமே ஓய்வு பெறப் போகிறவர். வில்லி நெல்சன் 1975இல் போட்ட ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிவரை இடையில் நிறுத்தாமல் கேட்டுப் பார், அதற்கப்புறம் கன்ட்ரியைத் திட்டு என்றார் அவர்.

போன வாரம் நானும் என் கல்லூரி நண்பனும் ஆஸ்டினுக்குக் காரில் போனபோது போட்டோம். அவன் ராஜா ரசிகன். சும்மா ரசிகன் இல்லை, இரண்டாவது சரணத்துக்கு முன்னால் புல்லாங்குழல் போகும்போது அதற்குக் கீழே செல்லோ என்ன செய்கிறது என்று பாட்டை நிறுத்தி நிறுத்திக் காட்டுகிற வகை. ஹில்ஸ்பரோ தாண்டி ஆபட் என்று ஒரு பலகை வந்தது, வில்லி பிறந்த ஊர் அதுதான் என்று நான் பெருமையாகச் சொன்னால், “அங்கேயே இறங்கி வேறு யாராவது வாத்தியம் வாசிக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்” என்கிறான். அவன் தீர்ப்பு, இது ஆல்பமே இல்லை, ஆல்பத்துக்கு முன்னால் எடுத்த ஒத்திகை. ஒரு கிட்டார், பின்னால் கொஞ்சம் பியானோ, எப்போதாவது மவுத் ஆர்கன், இதற்கு எதற்கு ஸ்டுடியோ? எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் ஏன் பிடித்தது என்று அவனிடம் எடுத்துச் சொல்ல வரவில்லை. வேக்கோ தாண்டும்வரை இதே வாக்குவாதம்.

கேட்க வேண்டியவை இவைதான். ஆல்பம் முழுக்க ஒரே கதை, மனைவி வேறொருவனோடு போய்விட, ஒரு போதகன் குதிரையில் அலைகிறான். அதில் மொத்தம் எத்தனை பேர் சாகிறார்கள்? அவன் இரண்டு என்கிறான், நான் மூன்று என்கிறேன். முதல் பாட்டின் மெட்டு துண்டு துண்டாகத் திரும்பத் திரும்ப வருகிறதே, அது எதற்கு? இரண்டாம் பாதியில் கதையை நிறுத்திவிட்டு வெறும் வாத்திய இசை இரண்டு வருகிறதே, அது இடம் நிரப்பவா? அப்புறம் முக்கியமாக, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது திடீரென்று பாக் (அந்தக் காலத்து ஜெர்மன் இசைமேதை) இசை வருகிறதே, 1901இல் குதிரையில் சுற்றும் ஒரு கொலைகாரனுக்கும் பாக்குக்கும் என்ன சம்பந்தம்?

கத்தரிவெயில்:

ஷஃபிளை அணைத்துவிட்டுத்தானே கேட்டீர்கள்? என் தம்பி இதை ஷஃபிளில் கேட்டுவிட்டு, ‘இறந்துபோன பெண்மணி மறுபடி உயிரோடு வந்து இறக்கிறாள்’ என்று புகார் சொன்னான்.

இர்விங்வாசி:

வரிசையாகத்தான் கேட்டோம் சார். அந்த அளவுக்கு விவரம் இருக்கிறது.

நைலான்கம்பி:

உங்கள் நண்பரை நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் இதை வெளியிட்ட கொலம்பியா ரெக்கார்ட்ஸ் மேலிடமும் இதையேதான் நினைத்தது. டேப்பைக் கேட்டுவிட்டு, இது மாதிரிப் பதிவு, இதை வைத்துக்கொண்டு ஒழுங்காகப் போய் எடுத்து வா என்கிற நிலையில்தான் இருந்தார்கள். ஆனால் வில்லி அந்தக் கம்பெனியில் கையெழுத்துப் போட்டபோதே இசை விஷயத்தில் கடைசி வார்த்தை தன்னுடையது என்று எழுதி வாங்கியிருந்தார், சக கன்ட்ரி பாடகர் வேலன் ஜென்னிங்ஸும் அவருக்காகப் போய்ச் சண்டை போட்டார், அதனால் அப்படியே வெளியிட வேண்டியதாயிற்று. செலவு 4,000 டாலர் அளவில்தான் என்று பரவலாகச் சொல்வார்கள். பதிவு நடந்தது எங்கே தெரியுமா, உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே, டல்லஸை ஒட்டிய கார்லண்டில், ஆட்டம் சவுண்ட் என்ற ஸ்டுடியோவில், 1975 ஜனவரியில். அந்தக் காலத்தில் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் ஒரு பாட்டு என்றால் வயலின் கூட்டம் ஒன்று, பின்னால் ‘ஊ’ என்று இழுக்கும் கோரஸ் ஒன்று, பாடகருடைய சொந்த இசைக்குழுவைப் பதிவுக்கு உள்ளே விடாமல் ஊரில் இருக்கும் ஸ்டுடியோ வாத்தியக்காரர்களே எல்லோருக்கும் வாசிப்பது, இதுதான் வழக்கம். வில்லியும் அறுபதுகள் முழுக்க அப்படித்தான் பாடி, ஒன்றும் பெரிதாக விற்காமல், மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்த பாட்டுகளால்தான் பேர் வாங்கினார் (பேட்ஸி க்ளைன் 1961இல் பாடிய ‘கிரேஸி’ இவர் எழுதியது). எழுபதுகளின் தொடக்கத்தில் அதையெல்லாம் விட்டுவிட்டு ஆஸ்டினுக்கு வந்தவர், இந்த ஆல்பத்துக்குத் தன்னோடு ஊர் ஊராகச் சுற்றும் ஆட்களையே உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பியானோ அவருடைய அக்கா பாபி நெல்சன், டிரம்ஸ் பால் இங்கிலிஷ், பேஸ் பீ ஸ்பியர்ஸ், அந்த மவுத் ஆர்கன் மிக்கி ராஃபேல். அதனால் வாத்தியக்காரர்கள் கிடைக்காமல் போனதால் வந்த வெறுமை இல்லை அது. அத்தனை பேர் அறையில் இருந்தும் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கிறார்கள்.

பாக் விஷயம் சுலபம். 2000இல் மறுவெளியீடு செய்தபோது கடைசியில் நான்கு பதிவுகளைச் சேர்த்துவிட்டார்கள், அந்த பாக் மினியூட் (பழைய ஐரோப்பிய நடன இசை) அதில் முதலாவது. ஆன்லைனில் பெரும்பாலும் அந்தப் பதிப்புதான் கிடைக்கிறது. ஆல்பம் ‘பேண்டேரா’ என்ற சின்ன வாத்திய இசையோடு முடிந்துவிடுகிறது, மொத்தம் 15 துண்டுகள், அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அதோடு நிறுத்திவிடுங்கள். இப்படி முடிந்துபோன கதைக்குப் பின்னால் மிச்சம் மீதியைக் கொட்டும் பழக்கத்தைக் கண்டுபிடித்த புண்ணியவானை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சாவு மூன்று, நீங்கள் சொன்னதுதான் சரி. மனைவியும் அவள் காதலனும் ப்ளூ ராக் என்ற ஊரில் ஒரு மதுக்கடையில். இவன் கதவைத் திறந்து உள்ளே வரும்போது அவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே செத்துப்போகிறார்கள், இவ்வளவுதான் பாட்டில் வருகிறது. துப்பாக்கி என்ற சொல்லே இல்லை, குரலும் ஏறாது, உடனே அடுத்த பாட்டுக்குப் போய்விடும். உங்கள் நண்பர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த இடத்தைத் தவறவிட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். மூன்றாவது, அவன் கூட்டிக்கொண்டு சுற்றும் மட்டக்குதிரை மேல் கைவைத்த பொன்னிற முடிக்காரி. அந்தக் குதிரை செத்துப்போன மனைவியுடையது, அதனால்தான் அந்த வெறி.

இப்போது ‘ப்ளூ ஐஸ் கிரையிங் இன் தி ரெயின்’ எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். முதல் இரண்டு கொலைக்கும் மூன்றாவதுக்கும் நடுவில். ஃப்ரெட் ரோஸ் எழுதி நாற்பதுகளிலேயே ராய் அகஃப் பாடிய பழைய பாட்டு அது, தனியாகக் கேட்டால் வயதான ஒருவர் இழந்த காதலை நினைத்துப் பாடுவது மாதிரிதான் இருக்கும், வானொலியில் கேட்டவர்கள் அப்படித்தான் கேட்டார்கள், 1975 அக்டோபரில் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் வந்தது, பாடகராக வில்லிக்கு அதுதான் முதல் முதலிடம். ஆல்பத்தில் அதே பாட்டைப் பாடுகிறவன், அந்த அழுத கண்களைத் தானே மூடவைத்தவன். ஒரு சொல் மாற்றவில்லை, இடம் மட்டும் மாற்றி வைத்தார். இந்த ஆல்பத்தில் அவர் செய்த வேலையே முக்கால்வாசி இதுதான், ஊரில் ஏற்கெனவே கிடந்த பழைய பாட்டுகளை எடுத்து வரிசையில் வைத்தது. திரும்பத் திரும்ப வரும் ‘டைம் ஆஃப் தி ப்ரீச்சர்’ அவர் சொந்தமாக எழுதியது. அது இல்லாவிட்டால் இந்தப் பாட்டுகளெல்லாம் ஒரே ஆளுடையவை என்று நமக்குத் தோன்றவே தோன்றாது.

இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்து வாத்திய இசை இடம் நிரப்ப வந்ததில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ‘டென்வர்’ பாட்டில் அவன் நகரத்துக்கு வருகிறான், எங்கிருந்து வந்தாய் என்று யாரும் கேட்காத ஊர். அதற்கு அடுத்து ஒரு வால்ட்ஸ் (ஜோடியாகச் சுழன்று ஆடும் இசை), அப்புறம் குதித்து ஓடும் ‘டவுன் யாண்டர்’, பாபியின் பியானோ. அடுத்த பாட்டில் ஒரு பெண்ணிடம் ‘இன்று ராத்திரி உன் கையணைப்பில் தூங்கலாமா’ என்று கேட்கிறான். அப்படியானால் நடுவில் நடந்தது நடனம்! மதுக்கடையில் பியானோ வாசிக்கிறார்கள், இவர்கள் ஆடுகிறார்கள், பேச்சுக்கு வேலை இல்லை. அந்த வால்ட்ஸ் நீங்கள் சர்க்கஸ் காட்சிகளில் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள், ஊஞ்சலில் தாவும்போது வாசிப்பார்களே, அதுதான். ஹுவென்டினோ ரோசாஸ் என்ற மெக்சிகோக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதியது.

கீழைக்காற்று:

நைலான்கம்பி நன்றாகவே எழுதியிருக்கிறார், ஆனாலும் இந்த ஆல்பத்தைப் பற்றி யார் பேசினாலும் தாண்டிப் போகும் ஒரு விஷயத்தை நான் கேட்காமல் விடப் போவதில்லை. மூன்று பேர் செத்ததில் இரண்டு பேர் பெண்கள். அந்தப் பொன்னிற முடிக்காரி செய்த குற்றம் ஒரு மட்டக்குதிரையைப் பிடித்தது. அவளை மாலையில் புதைக்கிறார்கள், இவனை விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் குதிரை திருட வந்தவளைக் கொன்றதற்காக ஒருத்தனைத் தூக்கில் போட முடியாதாம். இதைச் சொல்லும்போது அந்தக் குரலில் ஒரு சின்னச் சிரிப்புகூட இருக்கிறது. அப்புறம் டென்வரில் அவனுக்கு இன்னொரு பெண், கடைசியில் ஆற்றங்கரை, ஓக் மர நிழல், கிழவர், சின்னப் பையன், மீன்பிடித்தல் என்று நிம்மதியாக முடிகிறது. செத்த பெண்களுக்கு ஒரு வரி பேசக் கொடுத்தாரா? மனைவி ஏன் போனாள்? அந்தப் போதகரோடு அவள் குடும்பம் எப்படி இருந்தது? ஒன்றும் கிடையாது. நானும் என் தோழியும் இதைக் கேட்டபோது அவள் முதல் பக்கம் முடிந்ததும் எழுந்து டீ போடப் போய்விட்டாள், ‘இந்த ஆளுக்கு மேற்கொண்டு என்ன ஆனால் எனக்கென்ன’ என்றாள். இசை அழகுதான், மறுக்கவில்லை. அழகாக இருப்பதால்தான் எரிச்சலே.

பழைய ரேடியோ:

கீழைக்காற்று, எரிச்சல் நியாயமானது. கொஞ்சம் பின்னணி மட்டும் சொல்கிறேன், வக்காலத்து இல்லை. தலைப்புப் பாட்டை எழுதியது வில்லி இல்லை. ஈடித் லிண்டமன் என்ற அம்மாவும் கார்ல் ஸ்டட்ஸ் என்பவரும் சேர்ந்து எழுதி 1954இல் ஆர்தர் ஸ்மித் பாடியது. குதிரை திருட வந்தவளைக் கொன்றதற்குத் தூக்கில்லை என்கிற வரியெல்லாம் அதிலேயே உண்டு. வில்லி ஐம்பதுகளில் ஃபோர்ட் வொர்த்தில் ரேடியோவில் வேலை பார்த்தபோது இதைப் போடுவார், வீட்டில் தன் பிள்ளைகளைத் தூங்கவைக்கவும் இதையே பாடுவார். மூன்று பிணங்களை வைத்துத் தாலாட்டு என்று நினைக்க வேண்டாம், அந்தப் பாட்டில் நேராக நடப்பது ஒரு கொலைதான், மனைவி மலைச்சரிவில் ‘தூங்குகிறாள்’ என்று மட்டும் வரும். அவள் எப்படிச் செத்தாள் என்று அதில் இல்லை. வருடங்கள் கழித்து, கொலராடோவிலிருந்து ஆஸ்டினுக்குக் காரில் திரும்பும் வழியில் மனைவி கானியோடு பேசிக்கொண்டே இந்தப் பாட்டுக்கு முன்கதை பின்கதை கட்டினார் வில்லி. ஆக, அவன் ஒரு போதகர் என்பதும், மனைவியைக் கொன்றவன் அவனேதான் என்பதும் வில்லி சேர்த்தது. பழைய பாட்டில் மனைவி விஷயத்தில் அவன் வெறும் துக்கக்காரன். அவளைக் கொன்றவனாக்கியது இவர்தான். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது உங்கள் விருப்பம்.

கன்ட்ரியின் வேரில் கொலைப்பாட்டு என்று ஒரு பெரிய கிளையே உண்டு. இங்கிலாந்து, அயர்லாந்திலிருந்து அப்பலேச்சிய மலைப் பக்கம் குடியேறியவர்கள் கொண்டுவந்தது. பெண்ணை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போய்க் கொல்வான், அப்புறம் பிடிபடுவான், சிறையிலிருந்தோ தூக்குமேடையிலிருந்தோ புலம்புவான். நம் ஊரில் சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்ற கொலைச்சிந்துப் புத்தகங்கள் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது, அங்கேயும் கடைசிப் பக்கத்தில் தண்டனை உறுதி. இந்த ஆல்பத்தில் அந்தத் தண்டனையை எடுத்துவிட்டார்கள். வழக்கம் தெரிந்த டெக்சஸ்காரர்களுக்கு ‘இவன் எப்போது பிடிபடுவான்’ என்கிற எதிர்பார்ப்பு கடைசிவரை இருந்திருக்கும், கடைசிவரை யாரும் வரவில்லை.

கீழைக்காற்று:

மனைவியைக் கொன்றவனாக்கியது வில்லிதான் என்பது எனக்குப் புதிது. கோபம் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது, நன்றி :)

பாமாலைப் பையன்:

யாரும் முதல் பக்கத்தின் கடைசித் துண்டைப் பற்றிச் சொல்லவில்லை. ‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’. கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, “நான் பாவிதான், ஆனாலும் நீர்” என்று நம் பாமாலைப் புத்தகத்தில் இருக்கும் அதே ஞானப்பாட்டு. சார்லட் எலியட் 1835இல் எழுதியது. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் பிரசங்கியார் பில்லி கிரஹாம் கூட்டங்களில் பிரசங்கம் முடிந்து, மனம் திரும்புகிறவர்கள் எழுந்து முன்னால் வாருங்கள் என்று கூப்பிடும்போது இதைத்தான் பாடினார்கள். டெக்சஸில் சபைக்குப் போய் வளர்ந்த எவருக்கும் மெட்டு தொடங்கியதும் அந்தக் காட்சி வந்துவிடும்.

அவன் யார், போதகர். இந்தப் பாட்டைப் பாடவைத்து எத்தனையோ பேரை முன்னால் அழைத்திருப்பான். மூன்று கொலை முடிந்து, முதல் பக்கம் தீரும் இடத்தில் அதை வைக்கிறார்கள், அதுவும் யாரும் பாடவில்லை. பாபியின் பியானோ மட்டும்தான் முன்னால் நிற்கிறது, சபையில் ஆராதனை தொடங்குமுன் மெதுவாக வாசித்துக்கொண்டிருப்பார்களே அந்த நடையில். சொல் தெரிந்தவர்கள் மனசுக்குள் பாடிக்கொள்ளலாம், தெரியாதவர்களுக்கு அது ஒரு இனிமையான இடைவேளை. கீழைக்காற்று கேட்டாரே, தண்டனை எங்கே, பதில் எங்கே என்று. பதில் இல்லைதான், ஆனால் கேள்வி இந்த இடத்தில் கேட்கப்பட்டுவிட்டது என்பது என் எண்ணம். அவனால் அந்தப் பாட்டைப் பாட முடியாது. அதனால் பக்கம் முடிகிறது, தட்டைத் திருப்பிப் போட நீங்கள் எழுந்து போக வேண்டும். ஆன்லைனில் கேட்டால் மறு நொடியே டென்வர் வந்துவிடும், அந்த இடைவெளி போய்விடும். அடுத்த முறை அங்கே ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுக் கேளுங்கள், லபக்காரர் கோபித்தால் பரவாயில்லை.

நைலான்கம்பி:

ஆமாம், எல்பி பின்னட்டையில் கதையைப் படங்களாக வேறு வரைந்திருப்பார்கள், படக்கதை மாதிரி. பழைய தட்டுக் கடைகளில் டெக்சஸ் முழுக்க மலிவாகக் கிடைக்கும், இரட்டை பிளாட்டினம் (இருபது லட்சம்) அளவுக்கு விற்ற ஆல்பம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள்.

ஒத்திகைக்காரன்:

அந்த ‘ஒத்திகை’ ஆள் நான்தான். இவன் இழையின் லிங்க்கை அனுப்பி “வந்து பதில் சொல்” என்றான், வந்துவிட்டேன். நேற்று ராத்திரி தனியாக ஹெட்ஃபோனில் போட்டுக் கேட்டேன், சாலையைப் பார்க்கும் வேலை இல்லாமல். அந்த மதுக்கடைச் சாவை நான் கவனிக்கவே இல்லை என்பது உண்மை. மூன்று.

ஆனால் என் புகார் வேறு, அதை இவன் சரியாக எழுதவில்லை. வாத்தியம் குறைவு என்பது எனக்குப் பிரச்சினையே இல்லை, ராஜாவே எத்தனை பாட்டில் வெறும் கிட்டாரை வைத்துக்கொண்டு உட்காரவைத்திருக்கிறார். இந்த ஆள் தாளத்தில் பாடவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. ‘ப்ளூ ஐஸ்’ பாட்டில் பேஸ் நேராகப் போகிறது, கிட்டார் நேராகப் போகிறது, இவர் எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்காமல் சும்மா இருக்கிறார், அப்புறம் அவசரமாக நான்கு சொல்லைப் போட்டு ஓடி வந்து சேர்கிறார், சில இடத்தில் தாளத்துக்கு முன்னாலேயே முடித்துவிட்டு நிற்கிறார். காரில் கேட்டபோது அலட்சியமாகப் பாடுகிறார் என்று பட்டது. ஹெட்ஃபோனில் ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எங்கே இழுத்தாலும் வரி முடியும்போது சரியான இடத்தில்தான் விழுகிறது. கூட வாசிக்கிறவர்கள் இவரைத் துரத்தவே இல்லை, அவர்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், வருவார் என்று தெரிந்தே விட்டுவிடுகிறார்கள். இதற்குத்தான் வாத்தியத்தைக் குறைத்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. பின்னால் இருபது வயலின் இருந்தால் அத்தனை பேருக்கும் தாளத்தை எழுதிக் கொடுத்தாக வேண்டும், இவர் இப்படி உலாவினால் கேட்கிறவனுக்கு ஒன்று தப்பு மாதிரி இருக்கும், இல்லாவிட்டால் இவரே அடங்கி ஒழுங்காகப் பாட வேண்டியிருக்கும். நாஷ்வில்லில் அறுபதுகளில் இவர் பாடியது ஏன் விற்கவில்லை என்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், அந்தப் பழைய பதிவுகளில் சிலதைத் தேடிக் கேட்டேன், சட்டை பட்டன் எல்லாம் போட்டுவிட்ட பையன் மாதிரிப் பாடுகிறார்.

அந்தக் கிட்டார் என்ன வகை? நைலான் கம்பி மாதிரிக் கேட்கிறது, ஆனால் அடி வேறு மாதிரி விழுகிறது, நாலைந்து ஸ்வரத்தை ஒரே மூச்சில் இடறிக்கொண்டு வாசிப்பது ஜாஸ் ஆட்கள் பழக்கம்.

என்ன இருந்தாலும் இரண்டாம் பக்கம் தொய்கிறது. நடனம், சரி, ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அதற்கு இரண்டு துண்டு வேண்டாம், ஒன்று போதும். ‘ரிமெம்பர் மீ’ கதைக்கு எதுவும் சேர்க்கவில்லை.

நைலான்கம்பி:

ஒத்திகைக்காரரே, காதுள்ள ஆள் நீங்கள். என் பெயரே அதற்காக வைத்ததுதான். மார்ட்டின் என்-20, 1969இல் வாங்கியது, நைலான் கம்பி போட்ட க்ளாசிக்கல் கிட்டார். விரலால் வாசிக்க வேண்டியதை இவர் பிக் (கம்பியை மீட்டும் சின்னத் துண்டு) வைத்து அடிக்கிறார், அந்த வகைக் கிட்டாரில் பலகையைக் காப்பாற்ற எதுவும் ஒட்டியிருக்காது, அதனால் வருடக்கணக்கில் உரசி உரசி ஒலித்துளைக்குக் கீழே இன்னொரு ஓட்டையே விழுந்துவிட்டது. அதற்குள் ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப் கருவி வேறு பொருத்தியிருக்கிறார், அதனால்தான் அந்த முரட்டுத்தனம். பெயர் ட்ரிக்கர், ராய் ராஜர்ஸ் என்ற பழைய கௌபாய் நடிகரின் குதிரைப் பெயர். இன்னும் அதே கிட்டார்தான். ஜாஸ் என்றது மிகச் சரி, ஜாஸ் கிட்டார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட்தான் அவருடைய ஆதர்சம், மேடையில் அவர் இசையையே வாசிப்பார்.

‘ரிமெம்பர் மீ’ விஷயத்தில் நான் உங்களோடு ஒத்துப்போக முடியாது, ஆனால் அதற்கு இன்னொரு இழை வேண்டும்.

பழைய ரேடியோ:

அடுத்து என்ன கேட்பது என்று இர்விங்வாசி எப்படியும் கேட்கப் போகிறார், முந்திக்கொள்கிறேன். இதற்கு ஒரு வருடம் முன்னால், 1974இல், வில்லி ‘ஃபேஸஸ் அண்ட் ஸ்டேஜஸ்’ என்று ஒன்று போட்டார். அலபாமாவில் மஸில் ஷோல்ஸில் ஜெரி வெக்ஸ்லர் தயாரித்தது. ஒரு விவாகரத்துக் கதை. முதல் பக்கம் முழுக்க மனைவியின் பார்வையில், இரண்டாம் பக்கம் கணவனின் பார்வையில். கீழைக்காற்று, இது உங்களுக்கும்தான், இதில் அவள்தான் முதலில் பேசுகிறாள், பாத்திரம் கழுவுவதிலிருந்து தொடங்குகிறது, வீட்டை விட்டுப் போவதும் அவள்தான், யாரும் துப்பாக்கியோடு பின்னால் போகவில்லை. ஒத்திகைக்காரருக்கு ஜானி கிம்பிளின் ஃபிடில் இருக்கிறது, ஸ்டீல் கிட்டார் இருக்கிறது, வாசிக்க நிறைய ஆள் உண்டு. விற்பனையில் ‘ஸ்ட்ரேஞ்சர்’ பக்கத்தில்கூட வரவில்லை, என்னைக் கேட்டால் இதுதான் மேலான ஆல்பம். கதைப்பாட்டு மட்டும் வேண்டும் என்றால் மார்ட்டி ராபின்ஸ் 1959இல் போட்ட கன்ஃபைட்டர் (துப்பாக்கிச் சண்டைக்காரர்) பாட்டுகள், அதில் துப்பாக்கி வெளிப்படையாகவே வெடிக்கும், யாரும் தவறவிட முடியாது.

கீழைக்காற்று:

பாத்திரம் கழுவுவதிலிருந்தா? சரி, என் தோழிக்கு இதைச் சொல்லிப் பார்க்கிறேன். டீ அவள் முன்னாலேயே போட்டு வைத்துவிட்டு ஆரம்பிக்கிறோம்.

இர்விங்வாசி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. பாமாலைப் பையன் சொன்ன இடத்தை மட்டும் இன்று காலை போட்டுக் கேட்டேன், முதல் முறை அது எந்தப் பாட்டு என்றே தெரியாமல் கடந்து போயிருந்தது. இவனிடம் இரண்டாம் பக்கம் பற்றிப் பேசிப் பயனில்லை, ‘டவுன் யாண்டர்’ எனக்குப் பிடித்த துண்டு, அதை வெட்டச் சொல்கிறான். அடுத்த மாதம் மறுபடி ஆஸ்டின் வேலை இருக்கிறது, போகும்போது ‘ஃபேஸஸ் அண்ட் ஸ்டேஜஸ்’. காரை நான் ஓட்டுகிறேன், அவன் கேட்கட்டும். வரும்போது மார்ட்டி ராபின்ஸ் போடலாம் என்றேன், வரும்போது ராஜாதான் என்று இப்போதே சொல்லிவிட்டான்.

ஒத்திகைக்காரன்:

எழுதி வாங்கியிருக்கிறேன். கடைசி வார்த்தை என்னுடையது.